சி.ரி. ஸ்கான் ஊசி தைரொயிட்டைக் குழப்புமா?

கேள்வி: 4 பெப்ரவரி 2025, உரும்பிராயிலிருந்து ஒருவர்

மாமிக்கு வயிற்றுக்குள் கட்டி இருக்குமோ என்று பார்க்க சி.ரி. ஸ்கான் எழுதியிருக்கிறார்கள். கையில் மருந்து ஏற்றித்தான் எடுக்க வேண்டுமாம். அந்த மருந்தில் அயடீன் இருக்கிறது, அது தைரொயிட்டைப் பழுதாக்கிவிடும், விடவே கூடாது என்று கனடாவிலிருந்து மச்சாள் வாட்ஸ்அப்பில் நிற்கிறா. மாமிக்குக் கழுத்தில் சின்னக் கழலை ஒன்றும் இருக்கிறது. எடுக்க விடலாமா?

4 பெப்ரவரி, இரவு

எடுக்க விடுங்கள். வயிற்றுக்குள் கட்டியா இல்லையா என்று தெரியாமல் நாளைக் கடத்துவதால் வரும் கேடு, தைரொயிட் குழம்பினால் வரும் கேட்டைவிடப் பெரியது. தைரொயிட் குழப்பத்துக்கு மருந்து இருக்கிறது.

ஆனால் மச்சாள் சொன்னது வெறும் கதையும் இல்லை. கழலை என்பது கழுத்தில் உள்ள தைரொயிட் சுரப்பியின் வீக்கம்தான். மாமிக்கு அது இருப்பதால் தைரொயிட்டைக் கொஞ்சம் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். ஸ்கான் எழுதிய டொக்டரிடமும், ஸ்கான் எடுக்கும் இடத்தில் கேள்வி கேட்கும் மிஸ்ஸிடமும் "இவவுக்குக் கழலை இருக்கிறது" என்று வாய் திறந்து சொல்லுங்கள். துண்டில் எழுதியிருப்பார்கள் என்று இருந்துவிட வேண்டாம்.

நான் வைத்தியர் இல்லை. ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிக்கும் வேலை, ரி.எஸ்.எச். ரிப்போட்டுகளோடுதான் என் பகல் போகிறது. ரி.எஸ்.எச். என்பது தைரொயிட்டுக்கு மூளைப் பக்கமிருந்து வரும் கட்டளை ஹோர்மோன்; தைரொயிட் கூடினால் அது இறங்கும், குறைந்தால் ஏறும். அதோடு இந்த விஷயம் எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்தது. நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

5 பெப்ரவரி

முதலில் ஏன் அயடீன் என்று பார்ப்போம். எலும்பு எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும்; குடல், ஈரல், இரத்தக் குழாய் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரியும். பாரமான அணு ஒன்று இரத்தத்தில் ஓடினால் அது எக்ஸ் கதிரைத் தடுக்கும், குழாயும் கட்டியும் பிரிந்து தெரியும். அயடீனின் அணு எண் 53. பாரம் காணும், உடம்பும் தாங்கும்.

இது கண்டுபிடிபட்ட விதமே தற்செயல்தான். 1920களில் சிபிலிஸ் நோய்க்குச் சோடியம் அயடைட் கொடுத்து வந்தார்கள். அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் அப்படி மருந்து எடுத்தவர்களின் சலப்பை எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதைக் கவனித்து, 1923இல் அதை எழுதி வெளியிட்டார்கள். இன்று பாவிக்கும் அயோஹெக்சோல், அயோபமிடோல், அயோடிக்சனோல் எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஒரு பென்சீன் வளையத்தில் மூன்று அயடீன் அணுக்களை இறுக்கிப் பிணைத்து வைத்திருப்பார்கள்.

போத்தலில் 300, 350 என்று எழுதியிருக்கும் இலக்கம் ஒரு மில்லிலீற்றரில் உள்ள அயடீனின் மில்லிகிராம் அளவு. 350 போத்தலில் 100 மில்லிலீற்றர் ஏற்றினால் 35 கிராம் அயடீன். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். பிரித்துப் பாருங்கள்: 600 வருடத்துக்கு மேல் காணும் அயடீன் ஒரு நிமிடத்துக்குள் கைநரம்பால் உள்ளே போகிறது.

6 பெப்ரவரி

நேற்றைய 600 வருடக் கணக்கைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் ஸ்கானை நிற்பாட்டலாமா என்று கேட்டிருக்கிறார்கள். நிற்பாட்ட வேண்டாம். கணக்கு சரி, ஆனால் அது முழுக் கதை இல்லை.

அந்த 35 கிராமில் மிகப் பெரும் பங்கு வளையத்தோடு பிணைந்தபடியே சிறுநீரகத்தால் வெளியே போய்விடும். சிறுநீரகம் நல்லபடி வேலை செய்தால் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் இருப்பது பாதியாகும். அடுத்த நாளைக்குள் கிட்டத்தட்ட எல்லாம் சலத்தோடு போய்விடும். பிணைந்த அயடீனைத் தைரொயிட் தொடாது. அது எடுப்பது தனித்த அயடைட்டை மட்டும்தான். போத்தலுக்குள்ளேயே கழன்று நிற்கும் கொஞ்சமும், உடம்புக்குள் போய்க் கழலும் கொஞ்சமும் சேர்ந்து சில மில்லிகிராம் வரும்.

சில மில்லிகிராம் என்றால் சில கிழமைக்கு வேண்டிய அயடீன் ஒரே நாளில். ஆரோக்கியமான தைரொயிட் இதைச் சத்தமில்லாமல் சமாளித்துவிடும். இங்கே ஸ்கான் எடுத்த பெரும்பாலானோருக்கு ஒன்றும் நடக்கவில்லை, நடக்கவும் போவதில்லை. நான் எழுதுவது மிச்சப் பேருக்காக.

சலத்தில் கூடுதல் அயடீன் இறங்கிப் பழைய நிலைக்கு வர நாலு முதல் எட்டுக் கிழமை எடுக்கும். அதை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

9 பெப்ரவரி, ஞாயிறு

அம்மாவின் கதை.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கழலை நான் பிறப்பதற்கு முன்பே இருந்ததாம். கல்யாணப் படத்திலேயே சேலைத் தலைப்பைக் கழுத்துப் பக்கம் இழுத்துவிட்டிருப்பார். வலி இல்லை, விழுங்குவதற்கும் சிரமம் இல்லை. ஒருமுறை ஸ்கான் பண்ணிப் பார்த்ததில் பல முடிச்சுகள் என்று வந்தது. ரி.எஸ்.எச். கீழ் எல்லைக்குக் கிட்ட, ஆனால் எல்லைக்குள். அதோடு விட்டுவிட்டார்கள். அப்படி விடுவதுதான் வழக்கம்.

பிறகு வயிற்று நோவுக்கு மருந்து ஏற்றி சி.ரி. எடுத்தார்கள். நோவுக்குக் காரணம் கிடைத்தது, அதற்கு வைத்தியமும் நடந்து சுகமானது. ஸ்கான் எடுத்த இடத்தில் இறால் ஒத்துக்கொள்ளுமா, சீனி வருத்தம் இருக்கிறதா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் எவ்வளவு என்றெல்லாம் கேட்டார்கள். கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, பிறகு என்ன பார்க்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. அது எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

இரண்டு மாதம் அளவில் ஒரு பின்னேரம் அம்மா எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தார். கோப்பையை நீட்டும்போது தட்டம் கிலுகிலுவென்று சத்தம் போட்டது. கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் நுனிகள் மெல்ல நடுங்கின, உள்ளங்கை ஈரமும் சூடும். "வயது போகுதுதானே பிள்ளை" என்றார். கோவிலுக்கு நடந்து போய் நடந்தே வருபவர் படலையில் நின்று மூச்சு வாங்கத் தொடங்கினார். சட்டைக் கை தளர்ந்தது. நித்திரை குறைந்தது. வயிற்று வருத்தத்தால் மெலிந்தவர் இன்னும் தேறவில்லை என்று சொந்தக்காரர் ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தார்கள். படபடப்புக்குப் பிறஷர் குளிசையைக் கூட்டினார்கள்.

ஈ.சி.ஜி.யில் இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்று வந்த அன்றுதான், கிளினிக்கில் இருந்த இளம் டொக்டர் ஒருவர் அம்மாவின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "கிட்டடியில் ஸ்கானோ அஞ்சியோகிராமோ எடுத்தீர்களா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. ரி.எஸ்.எச். 0.01க்குக் கீழே. தைரொயிட் செய்யும் ஹோர்மோனான தைரொக்சின் எல்லை தாண்டி மேலே.

நடந்தது இதுதான். கழலையில் சில முடிச்சுகள் வருடக்கணக்கில் மூளையின் கட்டளைக்குக் காத்திராமல் தாமாகவே ஹோர்மோன் செய்யப் பழகியிருக்கும். மூலப்பொருளான அயடீன் அளவோடு வரும்வரை அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது. ஒரேயடியாக அயடீன் வந்து குவிந்தால் நிறுத்தாமல் செய்யும். இதை யோட்-பசடோ என்பார்கள். 1820இல் ஜெனீவாவில் குவாண்டே என்ற வைத்தியர் கழலைக்கு அயடீன் கொடுத்தபோது சிலர் மெலிந்து படபடத்துப் போனதிலிருந்தே இது மருத்துவத்துக்குத் தெரிந்த விஷயம். இருநூறு வருடப் பழைய அறிவு. எங்கள் வீட்டில் அதைக் கண்டுபிடிக்க இரண்டு மாதமும் ஒழுங்கிழந்த இதயமும் தேவைப்பட்டது.

படபடப்பை அடக்கும் புரொப்ரனலோல் கொடுத்ததும் நடுக்கம் நாலைந்து நாளில் அடங்கியது. சுரப்பி ஹோர்மோன் செய்வதைக் குறைக்கும் கார்பிமசோல் வேலை செய்ய நாள் எடுத்தது, ஏனென்றால் சுரப்பி ஏற்கெனவே செய்து வைத்திருந்த ஹோர்மோன் தீர வேண்டும். சில மாதங்களில் எல்லாம் அடங்கி, மருந்தும் நிறுத்தியாகிவிட்டது.

9 பெப்ரவரி, இன்னும் கொஞ்சம்

கார்பிமசோல் எடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. தொண்டை நோவும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அடுத்த குளிசையைப் போடாமல் அன்றைக்கே போய் வெள்ளைக்கல எண்ணிக்கை பார்க்க வேண்டும். இந்த மருந்தால் வெள்ளைக்கலம் குறைவது அரிதாகத்தான் வரும், ஆனால் வந்தால் உயிராபத்து. பனடோல் போட்டுவிட்டுப் படுக்கிற வருத்தம் இல்லை அது.

10 பெப்ரவரி

வயதானவர்களுக்குத் தைரொயிட் கூடினால் புத்தகத்தில் உள்ளபடி கண் முழித்து, வியர்த்து, பதறிக்கொண்டு இருப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். பலருக்கு மெலிவும் சோர்வும் இதயத் துடிப்புக் குழப்பமும் மட்டும்தான். சாப்பிடவும் மனமில்லாமல் ஒரு மூலையில் இருந்துவிடுவார்கள். வீட்டில் உள்ளவர்கள் முதுமை என்று எடுத்துக்கொள்வார்கள். நடுக்கத்தைப் பார்க்க எளிய வழி: இரண்டு கையையும் முன்னே நீட்டச் சொல்லி, விரல்களை விரித்து, மேலே ஒரு கடதாசியை வையுங்கள்.

13 பெப்ரவரி

கரவெட்டியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்கிறார்: "எனக்குக் குறைந்த தைரொயிட். எனக்குமா கூடும்?"

உங்களுக்கு மற்றப் பக்கம். அயடீன் கூடினால் தைரொயிட் கூடும் என்று மட்டும் நினைத்தால் பாதிப் பேருக்கு விளங்காமல் போகும்.

1948இல் கலிபோர்னியாவில் வுல்ஃப், சைகோஃப் என்ற இருவர் எலிகளுக்கு நிறைய அயடைட் கொடுத்துப் பார்த்தார்கள். ஹோர்மோன் கூடும் என்று நாம் நினைப்போம், நடந்தது எதிர்மாறு. அயடைட் ஒரு அளவைத் தாண்டியதும் சுரப்பி ஹோர்மோன் செய்வதையே நிறுத்திவிட்டது. உடம்பு தன்னைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. ஆரோக்கியமான சுரப்பி ஓரிரு நாளில் இந்த நிறுத்தத்திலிருந்து வெளியே வந்துவிடும். வரும் வழி: தோட்டத்துக்குத் தண்ணீர் கூடினால் மடையை அடைப்பதுபோல, அயடைட்டை உள்ளே இழுக்கும் புரதத்தைச் சுரப்பி குறைத்துவிடுகிறது. உள்ளே அயடைட் குறைந்ததும் வேலை மறுபடி தொடங்கும்.

ஹஷிமோட்டோ, அதாவது உடம்பே தன் தைரொயிட்டைத் தாக்கும் நோய், உள்ளவர்களின் சுரப்பிக்கு அந்த மடையை அடைக்கும் தெம்பு போதாது. நிறுத்தியது நிறுத்தியபடி நிற்கும். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு தைரொயிட் அழற்சி வந்து போனவர்கள், சுரப்பியில் பாதியை வெட்டி எடுத்தவர்கள், மனநிலைக் குழப்பத்துக்கு லித்தியம் எடுப்பவர்கள், அமியோடரோன் எடுப்பவர்களும் இதே வரிசையில் வருவார்கள். ஸ்கான் எடுத்துச் சில கிழமையில் களைப்பு, மலச்சிக்கல், முகம் ஊதல், குளிர் தாங்காமை. யாழ்ப்பாணத்து வெயிலில் ஒருவர் போர்வை தேடினால் சந்தேகப்படத்தான் வேண்டும். பெரும்பாலும் இது தானாகவே சரியாகும். சிலருக்குக் கொஞ்சக் காலம் தைரொக்சின் வேண்டிவரும்.

எனக்கும் ஹஷிமோட்டோதான், ஆனால் முழு அளவு தைரொக்சின் எடுக்கிறேன். அப்படி எடுப்பவர்களுக்கு ஹோர்மோன் குளிசையிலிருந்து வருகிறது, சுரப்பி நின்றால் என்ன ஓடினால் என்ன. தங்கச்சி, நீங்களும் குளிசை எடுப்பவர் என்றால் பெரிதாகக் கவலைப்பட ஒன்றும் இல்லை. எல்லைக்கோட்டில் இருக்கிறது, மருந்து தேவையில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

14 பெப்ரவரி

அமியோடரோன் என்று நேற்று ஒரு சொல்லில் கடந்துவிட்டேன். இதயத் துடிப்பு ஒழுங்குக்குக் கொடுக்கும் குளிசை. 200 மில்லிகிராம் குளிசை ஒன்றில் 75 மில்லிகிராம் அயடீன் இருக்கிறது, அதிலிருந்து நாளுக்கு ஆறேழு மில்லிகிராம் கழன்று வரும். ஸ்கான் ஒருநாள் வெள்ளம் என்றால் இது தினசரி. அஞ்சியோகிராமுக்கு ஏற்றுவதும் இதே அயடீன் மருந்துதான். ஆகவே இதய நோயாளி ஒருவருக்கு அஞ்சியோகிராமும் நடந்து, அமியோடரோனும் தொடங்கினால் அயடீன் இரண்டு வழியால் வருகிறது. இவர்களுக்கு ரி.எஸ்.எச். பார்ப்பதைத் தவற விடவே கூடாது.

எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றுவது கடோலினியம். அதில் அயடீன் இல்லை. குடிக்கக் கொடுக்கும் பேரியத்திலும் இல்லை. மருந்து ஏற்றாமல் எடுக்கும் சி.ரி.யில் இந்தப் பிரச்சினையே இல்லை.

18 பெப்ரவரி

"கிரியற்றினின் பார்க்காமல் ஸ்கான் அறைக்குள்ளேயே விடமாட்டார்கள், ரி.எஸ்.எச். மட்டும் ஏன் கேட்பதில்லை?" இதை மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டிருக்கிறீர்கள்.

நியாயமான கேள்வி, நானும் அம்மாவின் விஷயத்துக்குப் பிறகு எல்லோருக்கும் பார்க்க வேண்டும் என்றுதான் நின்றேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஐரோப்பியக் கதிரியக்கச் சங்கங்களின் வழிகாட்டலும் எல்லோருக்கும் பார்க்கத் தேவையில்லை என்றே சொல்கிறது. காரணம் உண்டு. அம்மாவின் ரி.எஸ்.எச். ஸ்கானுக்கு முன் எல்லைக்குள்தான் இருந்தது. இலக்கம் நன்றாக இருந்ததால் ஆபத்து இல்லை என்று ஆகவில்லை. ஆபத்தைக் காட்டியது கழுத்து. இன்னொன்று, வாட்டில் கடும் வருத்தத்தோடு படுத்திருப்பவருக்குத் தைரொயிட்டில் ஒரு குறையும் இல்லாமலே ரி.எஸ்.எச். இறங்கிக் காட்டும். அந்த நேரத்தில் எடுத்த ரிப்போட்டை வைத்துக்கொண்டு தேவையான ஸ்கானைத் தள்ளிவைத்தால் அதுவும் கேடு.

எனவே இரத்தத்துக்கு முன்னால் கேள்வி வர வேண்டும். கழலை இருக்கிறதா? தைரொயிட் கூடி மருந்து எடுத்தீர்களா? குடும்பத்தில் யாருக்கும்? கழுத்தை ஒருமுறை தொட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும். இறாலைப் பற்றிக் கேட்கும் நேரத்தில் இதைக் கேட்கலாம்.

இப்போதே தைரொயிட் கூடி, அடங்காமல் இருப்பவருக்கு மட்டும் அயடீன் மருந்து ஏற்றக் கூடாது. உயிருக்கு அவசரம் என்றால் டொக்டர்கள் வேறு முடிவு எடுப்பார்கள், அது அவர்கள் பொறுப்பு.

19 பெப்ரவரி

இறாலைச் சொன்னேன், இன்றைக்கு இறால் கேள்விகள்தான். நெய்தல் ஊர்க்காரர் நாங்கள், நண்டும் இறாலும் இல்லாமல் ஒடியல் கூழ் ஏது?

இறால் சாப்பிட்டால் தடிப்பவர்களுக்குத் தடிப்பைத் தருவது இறால் தசையில் உள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதம். அயடீனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அயடீன் யாருக்கும் ஒவ்வாமை தருவதில்லை. தந்தால் உப்பே சாப்பிட இயலாது, தைரொயிட் ஹோர்மோனே உடம்பில் இருக்க இயலாது. இறால் ஒத்துக்கொள்ளாது என்பதற்காக ஸ்கானை மறுக்க வேண்டாம். முன்பு இதே ஸ்கான் மருந்துக்குத் தடித்தது, மூச்சுத் திணறியது என்றால் அது வேறு; அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கடல் என்றதும் இன்னொன்று. ஸ்கானுக்கு ஏற்றும் பழைய மருந்துகள் நரம்பில் ஏறும்போது நெருப்பாக எரியும். சுவீடனில் தோர்ஸ்தென் அல்மேன் என்ற கதிரியக்க வைத்தியர், உப்புக் குறைந்த போல்ற்றிக் கடலில் நீந்தும்போது கண் எரிவதில்லை, உப்புக் கூடிய மேற்குக் கடலில் எரிகிறது என்பதை யோசித்து, மருந்தின் உப்புத்தன்மையைக் குறைத்தால் குழாயும் எரியாது என்று வழி தேடியதாகச் சொல்வார்கள். 1960களின் கடைசியில் அவர் தொடங்கியதன் பலன்தான் கரைசலில் அயன்களாகப் பிரியாத இன்றைய மருந்துகள். இப்போது ஏற்றும்போது கழுத்திலிருந்து அடிவயிறுவரை ஒரு சூடு இறங்கும், வாயில் உலோகச் சுவை வரும், சலம் போய்விட்டதுபோல் இருக்கும். போயிருக்காது. முதலே தெரிந்திருந்தால் வயதானவர்கள் பயந்து அசைய மாட்டார்கள், படமும் வடிவாக வரும்.

20 பெப்ரவரி

உரும்பிராய்க்காரர் எழுதியிருக்கிறார், மாமிக்கு ஸ்கான் முடிந்ததாம். கழலையைச் சொன்னதும் முதலே ரி.எஸ்.எச். எடுத்துப் பார்த்தார்களாம், எல்லைக்குள். நல்லது. இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம். ஆறு கிழமை அளவில், மார்ச் கடைசியில், மறுபடி ஒரு ரி.எஸ்.எச். எடுத்துப் பாருங்கள். அதற்கு முன் படபடப்போ மெலிவோ தெரிந்தால் அன்றைக்கே.

இந்த இடைவெளிதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. ஊசி போட்ட கையோடு தடித்தால் ஊசிதான் என்று குழந்தைக்கும் தெரியும். தைரொயிட் கூடுவது இரண்டு கிழமையிலிருந்து மூன்று மாதத்துக்குள் எப்போதும் வரலாம். அதற்குள் ஸ்கான் மறந்துபோகும், கிளினிக் மாறும், டொக்டர் இடம் மாறிப் போயிருப்பார்.

24 பெப்ரவரி

ஆய்வுகூடத்துப் பக்கம் ஒரு விஷயம். முடி கொட்டுவதற்கு பயோற்றின் குளிசை எடுப்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று பாமசிகளில் கிடைக்கிறது. சில பரிசோதனை முறைகள் பயோற்றினையே ஒட்டுப்பொருளாகப் பாவிப்பவை. இரத்தத்தில் பயோற்றின் கூடினால் ரி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் தைரொக்சின் பொய்யாகக் கூடியும் காட்டும். பார்த்தால் அச்சொட்டாகத் தைரொயிட் கூடியவரின் ரிப்போட். ஸ்கான் எடுத்தவர் ஒருவர் அந்த ரிப்போட்டோடு போனால் எல்லாரும் அயடீனைத்தான் நினைப்பார்கள், கார்பிமசோலும் தொடங்கிவிடுவார்கள். இரத்தம் கொடுக்க இரண்டு நாள் முன்பே பயோற்றினை நிறுத்துங்கள், எடுத்ததையும் சொல்லுங்கள். ரிப்போட் நோயாளியின் உடல்நிலையோடு பொருந்தாதபோது நான் முதலில் கேட்பது இதைத்தான்.

2 மார்ச்

சுன்னாகத்திலிருந்து ஒருவர்: பெரியம்மாவுக்குத் தைரொயிட்டில் புற்றுநோய். அறுவைச் சிகிச்சைக்கு முன் கழுத்தை மருந்து ஏற்றி சி.ரி. எடுத்தார்கள். பிறகு கதிரியக்க அயடீன் கொடுக்க வேண்டுமாம். முதலே அயடீன் ஏற்றியது பிழையா?

பிழை இல்லை. கட்டி மூச்சுக்குழாய்வரை போயிருக்கிறதா, கழுத்துக் கணுக்களில் இருக்கிறதா என்று தெரியாமல் கத்தி வைக்க முடியாது. இடைவெளி விட வேண்டும், அவ்வளவுதான். உடம்பில் சாதாரண அயடீன் நிரம்பியிருக்கும்போது கதிரியக்க அயடீன் கொடுத்தால் செல்கள் அதை எடுக்காது, சிகிச்சை வீண். கூடுதல் அயடீன் சலத்தோடு போய் முடிய நாலு முதல் எட்டுக் கிழமை என்று முன்பு எழுதியதோடு இது சேரும். அறுவைச் சிகிச்சை, காயம் ஆறுவது என்று அந்தக் காலம் பெரும்பாலும் தானாகவே போய்விடும். சந்தேகம் என்றால் சலத்தில் அயடீன் அளவு பார்க்கலாம்.

கதிரியக்க அயடீனுக்கு மஹரகமவுக்கோ பேராதனைக்கோ போகிறீர்கள் என்றால், பயணத்துக்கும் தங்குவதற்கும் ஒழுங்கு செய்ய முன்பே சி.ரி. எடுத்த திகதியை அங்கே சொல்லிவிடுங்கள். அங்கே போய் நின்று "இன்னும் நாலு கிழமை கழித்து வாருங்கள்" என்று கேட்பது வயதானவருக்குப் பெரிய அலைச்சல். அதற்கு முன் ஒன்றிரண்டு கிழமை அயடீன் குறைந்த சாப்பாடும் சொல்வார்கள்: அயடீன் சேர்க்காத உப்பு, மீன் இல்லை, கருவாடு இல்லை, முட்டை மஞ்சள் கரு இல்லை. இலங்கையில் 1990களிலிருந்து கடை உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டம், ஆகவே உப்புப் பைக்கற்றை வாசித்து வாங்குங்கள். சோறும் மரக்கறியும் பழமும் தாராளமாகச் சாப்பிடலாம்.

சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்டு, கதிரியக்கச் சிகிச்சையும் முடித்து, தைரொக்சினில் இருப்பவர்களுக்கு ஸ்கான் மருந்தால் தைரொயிட் குழப்பம் என்று ஒன்று இல்லை. குழம்ப அங்கே சுரப்பி இல்லை.

8 மார்ச்

நெடுந்தீவிலிருந்து ஒரு அண்ணை எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஸ்கானுக்கு வந்து போவதற்கே குறிகட்டுவானில் படகு பார்த்து ஒரு நாள் முழுக்கப் போகிறது, ஒரு துளி இரத்தத்துக்காக மறுபடி எப்படி வருவது என்று கேட்கிறார்.

எல்லோரும் வர வேண்டியதில்லை, அண்ணை. கழலை, பழைய தைரொயிட் நோய், இதயத் துடிப்புக் குழப்பம் இதில் ஒன்றும் இல்லாதவர் உடம்பு சுகமாக இருந்தால் வரத் தேவையில்லை. இருப்பவர் அடுத்த கிளினிக் நாளோடு சேர்த்து எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆறு கிழமை என்பது எட்டுக் கிழமை ஆனாலும் குற்றமில்லை. படபடப்பு வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

மற்றது, கிளினிக் கொப்பியில் ஒரு வரி எழுதுவியுங்கள். அவர்கள் எழுதாவிட்டால் நீங்களே எழுதுங்கள்: "சி.ரி., அயடீன் மருந்து ஏற்றியது", திகதி, எவ்வளவு என்று தெரிந்தால் மில்லிலீற்றர் கணக்கு. ஸ்கான் ரிப்போட் தனி உறையில் அலுமாரிக்குள் போய்விடும். கொப்பி எந்த டொக்டரிடமும் போகும். அம்மாவின் கொப்பியில் மருந்து மாற்றம் ஒவ்வொன்றும் இருந்தது, ஸ்கான் எடுத்தது இல்லை. அந்த வரி இருந்திருந்தால் பிறஷர் குளிசையைக் கூட்டியவர் வேறு விதமாக யோசித்திருப்பார்.

15 மார்ச்

சின்னப் பிள்ளைகளைப் பற்றி இதுவரை எழுதவில்லை. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது, ஏனென்றால் வளர்ந்தவருக்குக் கொஞ்சக் காலம் தைரொயிட் குறைந்தால் களைப்பு. கைக்குழந்தைக்குக் குறைந்தால் மூளை வளர்ச்சி.

மடையை அடைக்கும் அந்த ஏற்பாடு நிறைமாதத்தை ஒட்டித்தான் முதிர்கிறது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும், பிறந்து சில கிழமையான பிள்ளைக்கும் அது போதாது. இதயக் குறைபாட்டோடு பிறந்த பிள்ளைகளுக்குத்தான் இந்த மருந்து ஏற்றும் பரிசோதனைகள் கூடுதலாகத் தேவைப்படும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2015இல் ஒருமுறை எச்சரித்து, 2022 மார்ச்சில் தெளிவாகவே சொன்னது: மூன்று வயதுவரையான பிள்ளைக்கு அயடீன் மருந்து ஏற்றினால் மூன்று கிழமைக்குள் தைரொயிட் பரிசோதிப்பது நல்லது. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குறைவு தற்காலிகம்தான், சிலருக்கு மருந்தும் வேண்டியதில்லை. ஆனால் கைக்குழந்தை களைப்பு என்று சொல்லாது. நித்திரை கூடிய நல்ல பிள்ளை என்றுதான் வீட்டில் நினைப்பார்கள்.

பிறந்ததும் குதிக்காலில் குத்தித் தைரொயிட் பார்த்தாயிற்று என்று சில தாய்மார் சொல்வார்கள். அது பிறவிக் குறைபாட்டுக்கான பரிசோதனை. அதற்குப் பிறகு ஏற்றிய மருந்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

கர்ப்பிணிக்கு அவசரத்தில் இந்த மருந்து ஏற்ற நேர்ந்திருந்தால் பிள்ளை பிறந்ததும் அதைப் பிள்ளை வைத்தியரிடம் சொல்லுங்கள். வயிற்றில் உள்ள பிள்ளையின் தைரொயிட் பத்துப் பன்னிரண்டு கிழமையிலிருந்தே அயடீனை எடுக்கத் தொடங்கிவிடும்.

16 மார்ச்

நேற்று எழுதியதை வாசித்துவிட்டு மானிப்பாயிலிருந்து ஒரு தாய், அவசரமாகப் பதில் வேண்டும் என்கிறார். நாளைக்கு அவருக்கு சி.ரி., பிள்ளைக்கு நாலு மாதம், தாய்ப்பால் மட்டும். இரண்டு நாள் பாலைப் பீய்ச்சி ஊற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னாவாம்.

ஊற்ற வேண்டாம். ஏற்றிய மருந்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் பாலுக்குள் வரும், அந்தக் குறைவிலும் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் பிள்ளையின் குடலால் உள்ளே போகும். பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை என்பதுதான் கதிரியக்க வைத்தியர்களின் வழிகாட்டல். ஸ்கானுக்குப் போகுமுன் ஒருமுறை பால் கொடுத்துவிட்டுப் போங்கள், வந்ததும் கொடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு உங்களுக்குத் தைரொயிட் குழப்பம் ஏதும் இருந்ததா? இருந்தால் அதை நாளைக்கு அங்கே சொல்லுங்கள். ஆறு கிழமை கழித்து இரத்தம் பார்க்க வேண்டியது உங்களுக்குத்தான், பிள்ளைக்கு இல்லை.